ஒரு சாண் குதிரை

1

இந்தக் கதை என் பல்லிலிருந்து தொடங்கியது. மற்ற எழுத்தாளர்கள் இதைவிட நல்ல இடமாகச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது இதுதான். மேல்வரிசை முன்பல் ஒன்றுக்கு உறை போடவேண்டியிருந்தது. செங்கல்பட்டில் நான் போகும் பல் டாக்டர், "நிறம் பக்கத்துப் பல்லோட ஒத்துப்போகணும். லேப் ரெண்டு தெரு தள்ளித்தான், நேர்ல போய்க் காட்டிடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லேப் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. நீளமான மேஜை, அதன்மேல் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். தலையில் துப்பட்டாவும் நெற்றியில் பூதக்கண்ணாடியுமாக ஒரு பெண் எழுந்து வந்து, வெவ்வேறு நிறப் பற்கள் குத்திய ஒரு பட்டையை என் உதட்டருகே பிடித்தாள்.

"லேசா சிரிங்க மேடம். இன்னும் கொஞ்சம். டீ ஜாஸ்தியா?"

"ஒரு நாளைக்கு ஆறு."

"பல்லே சொல்லுது."

அவள் தோளுக்குப் பின்னால் அலமாரியில், இரண்டு தாடைகளுக்கு நடுவே ஒரு குதிரை நின்றது. ஒரு சாண் உயரம். கடையில் விற்கும் பொம்மை இல்லை. கழுத்தைத் திருப்பும்போது தோலில் விழும் மடிப்பு, முழங்காலுக்குக் கீழே புடைத்த நரம்பு, விலாவோரம் மூச்சு வாங்குவது போன்ற ஒரு உப்பல், எல்லாம் இருந்தன. மேலே ஒரு ஆள். முட்டிவரை மடித்த லுங்கி, வெறுங்கால். முகம் மட்டும் கண் மூக்கு இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"யாரு இது?" என்றேன்.

"என் வூட்டுக்காரரு. கீழ கீறது டிகாஷன்."

நான் குடும்ப நாவல்கள் எழுதுகிறவள். கணவன் மனைவி பிணக்கு, மாமியார் மனம் மாறுதல், கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் ஒரே பந்தியில். வாசகிகளுக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அந்தக் குதிரையைப் பார்த்ததும் மூக்கில் வியர்த்துவிட்டது. இரண்டு தடவை போனால் முடிகிற பல்லுக்கு நான்கு தடவை போனேன்.

எழுதலாமா என்று கேட்டபோது அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க பேரெல்லாம் மாத்திக்குங்க. குதிர பேர மட்டும் மாத்தாதீங்க" என்றாள். ஆகவே இந்தக் கதையில் அவள் ஹனியா, கணவர் இத்ரீஸ். டிகாஷன், டிகாஷன்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கோவளம் கடற்கரை. அந்திச் சூரியன் கடலுக்குள் இறங்கி அலைகளில் பொன் உருக்கிக்கொண்டிருந்தது. கம்பீரமான கரும்பழுப்புக் குதிரையின் மேல் அவன்—

இதை ஹனியாவின் போனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது. "மேடம், கோவளத்துல சூரியன் கடல்லேந்து எழுந்துக்கும். எறங்கறது தையூர் பக்கம். அப்பறம் கம்பீரம்லாம் இன்னா மேடம்? டிகாஷன் வயிறு பானை மாரி இருக்கும்."

இருபத்திரண்டு நாவல்களில் எத்தனை சூரியன்களைத் தப்பான பக்கத்தில் இறக்கினேனோ தெரியவில்லை. யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

ஹனியா கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து முறுக்கினாள்.

நல்ல வாக்கியம். ஆனால் எதற்காக முறுக்குகிறாள் என்று தெரியாதவரை அது வெறும் கம்பி. இதை நான்காம் பகுதிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது:

இத்ரீஸ் பதினொரு மாதமாக மனைவியிடம் "சரி" என்ற ஒரு சொல்லைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இதுதான். இங்கிருந்து போவோம்.

3

"சரி" மட்டும் என்பதும் முழு உண்மை இல்லை. "வெச்சுடு", "வேணாம்", "லேட்டாவும்" ஆகியவையும் உண்டு. ஒரு வீடு நடக்க இவை போதும். மளிகை வந்துவிடும், எட்டு வயது மகள் இனாயா பள்ளிக்குப் போய்விடுவாள், சோறு ஆறுவதற்குள் எல்லாரும் சாப்பிட்டுவிடுவார்கள்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இத்ரீஸ் கோவளம் கடற்கரையில் வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவர். ஒன்பது வருடம் ஒரே குதிரை, டிகாஷன். பெண் குதிரை. பால் சேர்க்காத காபியின் நிறம் என்பதால் அந்தப் பெயர். ஹனியாவுக்கு வேலை செங்கல்பட்டில். காலையில் ஒரு பஸ், திருப்போரூரில் மாறி இன்னொரு பஸ். மாலையில் அப்படியே திரும்பி. ஆறரைக்குக் கோவளம் நிறுத்தத்தில் இறங்கும்போது சாலையோரம் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார் இத்ரீஸ்.

"இன்னா மேடம், ஆட்டோ வோணுமா? மீட்டருக்கு மேல பத்து ரூபா குடு, போதும்."

ஒன்பது வருடமாக இதே ஜோக். ஹனியா, "ஐயோ, பஸ்ல எல்லாரும் பாத்துகினு கீறாங்க" என்று வேகமாக முன்னால் நடப்பாள். பின்னால் குளம்புச் சத்தம் வீடுவரை வரும்.

போன ஜனவரியில், காணும் பொங்கல் கூட்டத்தில், யாரோ தாழ்வாக ட்ரோன் பறக்கவிட்டார்கள். டிகாஷன் முன்னங்கால் தூக்கி மிரண்டது. இத்ரீஸுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி.

வீட்டில் டிகாஷன் வேறு யார் கையிலும் தின்னவில்லை. இரண்டு தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு ஈசிஆர் சாலைக்கு ஓடியது. இரண்டாவது தடவை பைக்கில் வந்த ஒருவர் மண்ணில் விழுந்து எழுந்து போனார், நல்லவேளை, சிராய்ப்போடு. பதினைந்தாம் நாள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் ஆரணியிலிருந்து வந்தார். ஹனியா விற்றுவிட்டாள்.

இத்ரீஸிடம் கேட்கவில்லை. போன் கையில்தான் இருந்தது. "கேட்டா வேணாம்னுவாரு மேடம். அதான் கேக்கல." இதை என்னிடம் சொல்லும்போது அவள் யாருடைய கடைவாய்ப் பல்லையோ மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த இத்ரீஸ் கொல்லையைப் பார்த்தார். வெறும் முளைக்குச்சி. "எங்க?" என்றார். சொன்னாள். "சரி" என்றார்.

அந்தச் சரிதான் பதினொரு மாதம் நீண்டது. கால் தேறியதும் அவர் பள்ளி வேன் ஓட்டப் போய்விட்டார். கடற்கரைப் பக்கம் போவதில்லை.

ஹனியாவுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்று நேரடியாகவே கேட்டேன். என் நாயகிகளிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. நானே முடிவு செய்துவிடுவேன்.

"வித்தது தப்புனு இன்னிக்கும் நான் நெனைக்கல மேடம். ரோட்டுல யாரு உயிராவது போயிருந்தா? ஆனா கேக்காம வித்தது தப்பு. இத ரெண்டையும் ஒண்ணா எப்டி சொல்றது? மொத பாதிய சொன்னாவே அவரு எழுந்து போயிடுவாரு. ரெண்டாவத மட்டும் சொன்னா, நான் பொய் சொன்ன மாரி." கத்தியைத் துடைத்தாள். "அந்தப் பழைய மனுசன் திரும்பி வரணும். பேசணும். திட்டினாக்கூட பரவால்லனு இருந்துச்சு."

சொல்ல முடியாததை வைத்து அவள் குதிரை செய்யத் தொடங்கினாள்.

4

ஹனியா கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து முறுக்கினாள். (இப்போது இந்த வாக்கியத்துக்கு உயிர் வந்துவிட்டது, பாருங்கள்.)

வேலை முடிந்து பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் குதிரைக்கு. முதுகுக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு கம்பி, கால்களுக்கு நான்கு. அதன்மேல் பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாளைக் கசக்கிச் சுற்றினால் உடம்பு. அதற்கும் மேலே எம்-சீல். படகில் ஓட்டை அடைக்கிறார்களே, அது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒட்டினால், இறுகுவதற்குள் செதுக்கிக்கொள்ள வேண்டும். இறுகிய பிறகு கல்.

முதல் குதிரையைப் பார்த்து லேப் முதலாளி உலகநாதன், "இன்னாம்மா, பக்ரீத்துக்கு ஆடு இப்பவே ரெடியா?" என்றார்.

அவளும் சிரித்துவிட்டாள். அது ஆடுதான். ஒன்பது வருடம் கூடவே இருந்த குதிரைக்குக் கால் எவ்வளவு நீளம், தலை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நினைவில் இருந்தது பஸ் ஜன்னலிலிருந்து தெரியும் குதிரை.

[நானும் இப்படித்தான். பக்கத்தில் வைத்து எழுதிய கணவர்கள் எல்லாம் எனக்கு ஆடாக வந்திருக்கிறார்கள். சரி, இது ஹனியாவின் கதை.]

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனாள். கடற்கரையில் ஒருவர் குதிரையோடு நின்றார். பெயர் பிரவின்குமார். குதிரையின் பெயர் ராக்கெட்.

"இன்னாக்கா, ரைடா? கொழந்த வரலியா?"

"ரைடு வேணாம். அளவு எடுத்துக்கறேன்." கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

பிரவின்குமார் பக்கத்து சுண்டல்காரரைக் கூப்பிட்டார். "அண்ணாத்த, இங்க வா. ராக்கெட்டுக்கு ஜாக்கெட்டு தைக்க ஆளு வந்துகீது."

"ஆமா," என்றாள் ஹனியா, முன்னங்காலை அளந்தபடி. "கழுத்து டீப்பா வேணுமா, க்ளோஸா?"

"அத்த ராக்கெட்டாண்ட கேளு. தலைய ஆட்டினா டீப்பு."

அன்று அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். குதிரையின் தலையை ஒரு அளவாக எடுத்துக்கொண்டால், தரையிலிருந்து தோள்வரை இரண்டரைத் தலை. மார்பிலிருந்து பின்புறம்வரையும் ஏறக்குறைய அதேதான். தலை சரியாக அமைந்தால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும். "பல்லுலயும் அப்டித்தான் மேடம். நடு முன்பல்லு ஒண்ணு அமைஞ்சுட்டா, மத்ததெல்லாம் அது சொன்னபடி கேக்கும்."

கிளம்புமுன், "வாயக் கொஞ்சம் தொறந்து காட்றியா தம்பி?" என்றாள்.

"ஜாக்கெட்டுக்கு வாய் எதுக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிரவின்குமார் ராக்கெட்டின் உதட்டைத் தூக்கிப் பிடித்தார். முன்னால் ஆறு வெட்டுப்பற்கள். சற்றுத் தள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோரைப்பல். அதற்கப்புறம் கடிவாளம் படியும் வெற்றிடம். உள்ளே அரைக்கும் பற்கள். குதிரையில் அவளுக்குப் பழகிய இடம் அது ஒன்றுதான். நெருக்கத்தில் பதினான்கு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

5

இத்ரீஸ் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. பதினொரு மாதம் இப்படி இருக்கிற ஆளை வாசகிகள் நம்புவார்களா? ஆகவே ஒரு காட்சி எழுதினேன். அதில் அவர் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறார், சுவரில் குழம்பு வழிகிறது, இனாயா அழுகிறாள்—

ஹனியா: "மேடம், அவரு தட்டக்கூட சத்தமில்லாமதான் வெப்பாரு. அதான் பிரச்சனையே."

அடித்துவிட்டு, இத்ரீஸை மறுபக்கம் சாய்த்தேன். அவர் பேசாமலேயே மனைவிக்குக் காபி போட்டுக் கொடுக்கிறார், அவள் துப்பட்டாவை மடித்து வைக்கிறார், அவள் தூங்கும்போது மின்விசிறியைத் திருப்பி—

ஹனியா: "நல்லவருதான். ஆனா இவ்ளோ நல்லவரா இருந்திருந்தா நான் ஏன் மேடம் குதிர செய்யப் போறேன்?"

அதையும் அடித்தேன். இப்போது இத்ரீஸிடம் மிச்சமிருப்பது: வேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறார். இனாயாவோடு கேரம் விளையாடுகிறார், அவளோடு சிரிக்கிறார். ஹனியா அறைக்குள் வந்தால் சிரிப்பு நிற்பதில்லை, கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான். இது தட்டை எறிவதைவிட மோசம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

[மாமியார் அக்தர் பேகம் பற்றி ஒரு குறிப்பு. என் நாவல்களில் மாமியார் பதினெட்டாம் அத்தியாயத்தில் மனம் மாறுவார். இவருக்கு மாற எதுவும் இல்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "குதிர செய்றியாமே, இனாயா சொன்னா" என்றார். "ஆமா மாமி." "உருவத்த வூட்டுக்குள்ள கொண்டாராத. மலக்குங்க வர மாட்டாங்க" என்று வானதூதர்களைச் சொன்னார். "இல்ல மாமி, லேப்லயேதான் இருக்கும்." நான்கு வெங்காயம் கழித்து: "வால நல்லா நீட்டமா வை. அதுக்கு வாலுதான் அழகு." வலை பின்னுகிறவர்களிடம் வாங்கிய கறுப்பு நூலைப் பிரித்து, ஹனியா அப்படியே நீளமாக வைத்தாள். மனித முகத்தை மட்டும் அவளே வேண்டாமென்று விட்டுவிட்டாள். அது அவளுக்கும் அல்லாவுக்கும் இடையில். கதைக்குள் நான் அதைக் கிளறவில்லை.]

6

குதிரையைவிட ஆள்தான் கஷ்டம்.

இணையத்தில் குதிரை ஓட்டும் படங்களில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு இத்ரீஸ் செய்தாள். "யாரோ கலெக்டரு மாரி இருந்தாரு மேடம்." இடுப்பில் கம்பியை வளைத்தாள். தோளை இறக்கினாள். இடது கையைக் கடிவாளத்திலிருந்து எடுத்துத் தொடையில் வைத்தாள். ஆறு தடவை உடைத்துச் செய்த பிறகு, ஏழாவது தடவை, பின்பாரம் கொடுத்துச் சோம்பேறித்தனமாகச் சாய்ந்திருக்கும் ஒரு மனிதர் கிடைத்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

கடைசியாக வாய். மூடியபடி விட்டிருக்கலாம், ஒரே நாள் வேலை. "பல்லு செய்றவ செஞ்ச குதிரைக்கு வாய் மூடிகினு இருந்தா அசிங்கம் மேடம்." கடிவாளம் இழுத்ததில் லேசாகத் திறந்த வாய். பல்செட்டுக்குக் கிளிப் வளைக்கும் கம்பியில் கடிவாளம். ஈறு செய்யும் இளஞ்சிவப்பு மாவில் ஈறு. ஒவ்வொரு பல்லும் குருணை அளவு. மேலே ஆறு, கீழே ஆறு, கோரைப்பல் நான்கு. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து வைத்தாள். அதற்கு மட்டும் பதினொரு சாயங்காலம் ஆனது.

"எல்லா எடத்துலயும் எனக்கு சந்தேகம் இருந்துச்சு. காலு சரியா, காது சரியானு. வாய்ல மட்டும் சந்தேகமே இல்ல."

7

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இத்ரீஸ் வரவேண்டும். பதினொரு மாதத்தில் அவள் அவரை எங்கும் கூப்பிட்டதில்லை.

"சனிக்கெழம லேபுக்கு வர்றீங்களா? ஒண்ணு காட்டணும்."

"சரி."

(அந்தச் சொல் அன்று உதவியது.)

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தார். கால் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் கேட்டது. உலகநாதன் அவரைப் பார்த்தார், ஹனியாவைப் பார்த்தார். "வாங்க பாய், உக்காருங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஹனியா குதிரையை எடுத்து மேஜையில் வைத்தாள். சொல்வதற்கென்று அவள் எதுவும் தயார் செய்திருக்கவில்லை.

இத்ரீஸ் குனிந்து பார்த்தார். மேஜையைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். வாலைப் பார்த்தார். தன் முதுகைத் தானே பார்ப்பது யாருக்கும் வாய்க்காது. அவர் அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு, குதிரை தெரிந்த எவரும் செய்வதைச் செய்தார். அவள் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு, வாய்க்குள் பார்த்தார்.

"இது ஆம்பளக் குதிர," என்றார்.

ஹனியாவுக்குப் புரியவில்லை. "இன்னா பேசறீங்க? கீழ பாருங்க. பொட்டதான் செஞ்சுகீறேன்."

"கீழ பொட்ட. வாய்ல ஆம்பள. கோரப்பல்லு நாலு கீது பாரு. பொட்டக் குதிரைக்கு அது மொளைக்காது. எங்கியோ ஒண்ணு ரெண்டுக்கு சின்னதா வரும். டிகாஷனுக்கு கெடையாது."

"கோரப்பல்லு இல்லாம வாய் எப்டிங்க இருக்கும்?"

"மனுச வாய் அப்டி இருக்காது. இது குதிர."

"பதினஞ்சு வருசமா நான் பல்லு செய்றேன்."

"பதினெட்டு வருசமா நான் குதிர வாய்ல கைய வுடறேன்."

"மாமல்லபுரத்துல ராக்கெட்டு வாயப் பாத்து, போட்டோ புட்ச்சு, அப்டியே அச்சா செஞ்சுகீறேன்!"

"எந்த ராக்கெட்டு? பிரவினு வெச்சுகினு கீறானே, அதுவா? அது ஆம்பளம்மா! அவன் சொல்லலியா உனக்கு?"

"ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கறேன்னு நெனச்சான் அவன்."

இத்ரீஸின் உதட்டோரம் ஒரு தடவை இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பென்று எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதாதீங்க, இன்னும் வரல" என்றாள் ஹனியா.

பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"டிகாஷன் வாய நீ பாத்ததே இல்லியா?"

"வாயி உங்க டிபார்ட்மெண்ட்டு. நான் எதுக்குப் பாக்கறேன்?"

"விக்கும்போது? பல்லு பாத்து வயசு கணக்குப் போடாம எவனும் வாங்க மாட்டான். ஆரணிக்காரன் வாயத் தொறந்திருப்பான்ல. கயிற யாரு புட்ச்சுகினு நின்னது?"

"நான்தான்."

"அப்ப உன் மூஞ்சிக்கு நேராத்தான தொறந்திருப்பான். நீ பல்லு வேல செய்றவ. பாத்தா மறப்பியா?"

கீழே மருந்துக் கடை வாசலில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"அந்தப் பக்கம் திரும்பிக்கினேன்," என்றாள். "பாக்க முடியல."

[விற்ற நாளைப் பற்றி என்னிடம் சொன்னபோது ஹனியா இதைச் சொல்லவில்லை. ஆகவே மூன்றாம் பகுதியில் "ஹனியா விற்றுவிட்டாள்" என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறேன். திருத்தலாம் என்று போனேன். திருத்தவில்லை. பதினொரு மாதமாக இத்ரீஸுக்குத் தெரிந்ததும் அந்த இரண்டு சொல்தானே.]

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதலாவது, என் கைக்குப் பழகியது. இத்ரீஸின் கண் கலங்குகிறது. மறுநாளே இருவரும் ஆரணிக்குப் பஸ் ஏறுகிறார்கள். டிகாஷன் தூரத்திலிருந்தே அவர்களை அடையாளம் கண்டு கனைக்கிறது. மூவரும் கோவளம் திரும்புகிறார்கள். தட்டச்சு செய்யும்போது நான் அழுதேன், பொய் சொல்லவில்லை.

"அத்த ஓட்டியாந்து எங்க கட்றது மேடம்? கொல்லைல இப்ப எங்க மாமி கோழி வெச்சுகீறாங்க," என்றாள் ஹனியா. "அது அங்க நல்லா தின்னுகினு கீதாம். கல்யாணத்துக்கெல்லாம் போவுது. அவரு போன் போட்டு விசாரிச்சுட்டாரு, எப்பவோ. எங்கிட்ட சொல்லல, அவ்ளோதான்."

இரண்டாவது, கொஞ்சம் பெரிய பத்திரிகைகளுக்கு ஏற்றது. இத்ரீஸ் எதுவும் சொல்லாமல் படி இறங்குகிறார். ஒவ்வொரு படியாக. குதிரை மேஜையில் நிற்கிறது. ஹனியா சின்னக் கத்தியை எடுத்து, நான்கு கோரைப்பற்களையும்—

"அவரு அப்டி எறங்கிப் போயிருந்தா, இந்தக் கதைய நான் உங்ககிட்ட சொல்லியிருப்பனா?"

நியாயம். அடித்துவிட்டேன்.

மூன்றாவதை நான் எழுதவே இல்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியாது. "பாக்க முடியல" என்று அவள் சொன்ன பிறகு இத்ரீஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் உலகநாதன் டீ குடித்துவிட்டு வந்தார். "இன்னா பாய், உங்க மூஞ்சிய மட்டும் மறந்துட்டாங்களே" என்றார். மூன்று பேரும் ஏதேதோ பேசினார்கள். இவ்வளவும் ஹனியா சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டேன். உறையை என் பல்லில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அது எனக்கு குடுத்தது மேடம். உங்களுக்கு எப்டி குடுப்பேன்? வாயத் தொறங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்தேன். அவள் பெயரா? அப்படியானால் இத்ரீஸ் ஒரு மாதிரி மனிதர் ஆகிறார். குதிரையின் பெயரா? அவர் வேறு ஒருவர் ஆகிறார். "தப்பு" என்றாரா? யாருடையதை? மறுபடியும் "சரி"யேதானோ? அதே சொல், வேறு குரலில்? ஒவ்வொன்றையும் எழுதி, சத்தமாகப் படித்து, அழித்தேன். எனக்கு அவரைத் தெரியாது. இத்தனை பக்கம் எழுதிய பிறகும் தெரியாது. அவர் முதுகை மட்டும் கொஞ்சம் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒருவர், உங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்றே, கேட்காமல் ஒன்றைச் செய்திருப்பார். நீங்கள் பல மாதம் தட்டைச் சத்தமில்லாமல் வைத்திருப்பீர்கள். இப்போது அவர் உங்கள் எதிரில் நிற்கிறார். செய்தது தப்பென்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் தன்னால் பார்க்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

ஒரு வார்த்தைக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். கீழே எழுதுங்கள். அவசரப்படவேண்டாம். ஹனியா இதைப் படிப்பாள்; சும்மா நயத்துக்காக எழுதியதென்றால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இத்ரீஸ் சொன்னார்: "                    "